பல்லும் படுகையும்

குன்றுகள் கடலுக்குள் இறங்கி நிலமாக மாறிய விந்தையைச் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்து முதியவர்கள் தம் வாழ்நாளிலேயே கண்டிருக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புப் பணிக்காக, பிடோக், சிக்லாப் பகுதிகளில் நின்ற குன்றுகள் வெட்டப்பட்டு, அவற்றின் மண் நெடுந்தூரம் ஓடிய வார்ப்பட்டைகளில் ஏறிச் சென்று கடலில் கொட்டப்பட்டது. குன்றுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மணல் தோண்டிய பெருங்குழி 1986-இல் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று. இத்துணை மண்ணைப் புரட்டிப் பார்த்த ஓர் ஊரில் பூர்வ காலத்துச் சுறாவின் பல் ஒன்றேனும் அகப்படாமற் போகுமா என்று, புதைபடிவங்களில் ஆசை வைத்த இவ்வூர்ச் சிறுவர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் பிடோக்கின் அடியில் கிடப்பது புவியியலார் பழைய வண்டல் என்று வழங்கும் படிவு. ஆறுகள் கொணர்ந்து பரப்பிய மணலும் களியும் கூழாங்கல்லுமே அதன் உடல். கடற்சுறாவின் பல்லைத் தேட வேண்டிய இடம் கடல் படிந்த பாறையேயன்றி ஆறு படிந்த மணல் அன்று.

ஆதலால் சிங்கப்பூரில் ஒரு சேகரிப்பாளர் கையில் இருக்கும் சுறாப்பல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கும். மொரோக்கோ நாட்டுக் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து மூட்டை மூட்டையாக ஏற்றுமதியாகும் மஞ்சள் நிறப் பற்கள், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆற்றுப் படுகைகளைச் சலித்து எடுக்கப்படும் கரிய பற்கள், வட கரோலினாவின் சுரங்கக் கழிவிலிருந்து பொறுக்கப்படும் சாம்பல் நிறப் பற்கள் ஆகியவையே சந்தையில் மிகுதி. நம்மவர்களுக்கோ இவற்றையெல்லாம் விட நெருக்கமான நிலம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் திரளும் தொழிலாளரிடம் சொந்த ஊர் எதுவென்று விசாரித்தால், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்ற பெயர்களோடு அரியலூர், பெரம்பலூர் என்ற பெயர்களும் தவறாமல் காதில் விழும். அந்த அரியலூரும் பெரம்பலூரும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. அங்கே உழவு மாட்டின் குளம்படியிலும் மழைநீர் அரித்த ஓடைச் சரிவிலும் சுறாவின் பற்கள் இன்றும் வெளிப்படுகின்றன.

சுறாவிடமிருந்து காலம் பல்லை மட்டும் தேர்ந்து காப்பாற்றுவதற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. சுறாவுக்கு நம்மைப் போன்ற எலும்புக்கூடு இல்லை, முழுவதும் குருத்தெலும்பு. இறந்த சில காலத்திற்குள் அது அழுகிக் கரைந்துவிடும். பல்லோ, ஃபுளோரின் கலந்த கடினமான கனிமப் பூச்சு உடையது. அமிலத்தையும் உராய்வையும் பெரிதும் தாங்க வல்லது. அன்றியும், சுறாவின் வாயில் பற்கள் ஒரே வரிசையாக நிற்பதில்லை. தேக்கா சந்தையில் மீன் அரியும் மேடையருகே, சுறாப்புட்டுக்காகப் பால்சுறா வாங்க நிற்பவர்கள், கடைக்காரரிடம் கேட்டு அதன் தாடையைச் சற்றே விரித்துப் பார்த்தால் இவ்வுண்மை பிரத்தியட்சமாக விளங்கும்: முன்னால் நிமிர்ந்து நிற்கும் பற்களுக்குப் பின்னே, ஈறுக்குள் மடிந்து படுத்தபடி அடுத்த வரிசையும், அதற்குப் பின்னே அதனினும் இளைய வரிசையும் காத்திருக்கும், முன்பல் விழுந்ததும், எம்ஆர்டி நிலையத்து மின்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்து வருவதுபோல, பின்பல் முன்னே வந்து நிற்கும். இவ்வாறு ஒரே சுறா தன் வாழ்நாளில் 30,000 பற்கள் வரை உதிர்க்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உதிர்ந்தது சேற்றில் புதைய, மேலும் மேலும் சேறு படிய, நிலத்தடி நீரிலுள்ள கனிமங்கள் பல்லின் நுண்துளைகளில் ஊறி நிறைய, வெண்மை மாறிச் சூழ்ந்த மண்ணின் நிறத்தைப் பல் ஏற்றுக்கொள்கிறது. கறுப்பு, பழுப்பு, மஞ்சள், நீலச்சாம்பல் என்னும் வேற்றுமையெல்லாம் மண்ணால் வந்ததே. அந்நிறத்தைக் கொண்டு சுறாவின் இனத்தைச் சொல்ல முடியாது.

சுறாவின் உறுப்பொன்றைப் போற்றி வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்கினர் என்று பட்டினப்பாலை தெரிவிக்கிறது. நடுவதற்குரிய நீண்ட கொம்பை உடையது இரு பக்கமும் பல் வைத்த வாளை முகத்தில் தாங்கிய வேளா மீன் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், கடல் தந்த ஒரு துண்டைக் கரையில் வைத்துக் கண்ணெதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற வேட்கை அந்தப் பழங்குடி மக்களிடம் இருந்தது.

ஐரோப்பியரோ நெடுங்காலம் பாறையிற் கிடைத்த சுறாப்பல்லைப் பல்லென்றே அறியவில்லை. நிலவு குன்றும்போது வானிலிருந்து விழுபவை என்று ரோமானியப் பேரறிஞர் பிளினி எழுதி வைத்தார். மால்டாத் தீவினர் அவற்றைப் பாம்பின் நாக்குகள் கல்லானவை என்று நம்பி, நஞ்சை முறிக்கும் என்று மதுவில் தோய்த்துப் பருகினர். 1666-ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோத் துறைமுகத்தருகே மீனவர் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தனர். அதன் தலையை டஸ்கனியின் பெருங்கோமகன் பெர்டினாண்டு, தம் அவையில் இருந்த டேனிஷ் உடற்கூற்று மருத்துவர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் அனுப்பி வைத்தார். அறுத்துப் பார்த்த ஸ்டெனோ, அதன் பற்களும் மலைப்பாறைகளில் அகப்படும் நாக்குக் கற்களும் ஒன்றே என்பதை 1667-இல் நூலாக வெளியிட்டார். அவருக்கு முன்பே 1616-இல் ஃபாபியோ கொலோன்னா இதைச் சொல்லியிருந்தார். ஆயினும் ஸ்டெனோ அத்தோடு நின்றுவிடவில்லை. கடல் விலங்கின் பல் மலைப்பாறையின் உள்ளே எவ்வாறு புகுந்தது என்ற அடுத்த கேள்வியையும் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டார். பாறை ஒரு காலத்தில் நீரடிச் சேறாக இருந்திருக்க வேண்டும். சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும். கலையாத அடுக்குகளில் கீழே கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது என்ற விதியை அவர் 1669-இல் வகுத்தார். பூமியின் சரித்திரத்தைப் படிக்கும் கலை முழுவதும் அந்த விதியின்மேல் எழுந்தது.

இந்த வரலாற்றை நினைவில் நிறுத்தியே சேகரிப்பவரின் செயலை நாம் மதிப்பிட வேண்டும். பல்லையும் அது கிடந்த அடுக்கையும் இணைத்துப் பார்த்ததனால் பிறந்தது புவியியல். பல்லை அடுக்கிலிருந்து பெயர்த்தெடுத்து, எந்த ஊர், எந்தப் பாறை என்ற குறிப்பின்றி விற்பவரும் வாங்குபவரும், தம்மை அறியாமலே அதை மறுபடியும் வானத்திலிருந்து விழுந்த கல்லாக்கிவிடுகிறார்கள்.

பிடோக்கில் குடியிருக்கும் பெரம்பலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரின் வீட்டில், மொரோக்கோவிலிருந்து வந்த பல்லொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அவர் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக எவரோ கொடுத்தது. ஏறத்தாழ என் சுண்டுவிரல் நீளம். முக்கோணமான நடுமுனையின் இருபுறமும் சிறிய பக்கமுனைகள். முகடு தேன் நிறத்தில் பளபளத்தது. அதன் கீழே கவடு பிரிந்த வேர், மங்கிய சுண்ணாம்பு நிறம். இவ்வளவில் அது ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல்களில் உலவிய ஓட்டோடஸ் என்னும் சுறாவினத்தின் பல் என்பதில் ஐயமில்லை. ஆனால் முகடும் வேரும் கூடும் கழுத்தில் கண்ணாடியை நிறுத்தியபோது, மணலும் பசையும் கலந்த ஒரு மெல்லிய கோடு வளைந்து சென்றது. வேரின் பரப்பிலுள்ள நுண்துளைகள் அந்தக் கோட்டில் திடீரென்று மறைந்தன. ஒரு பல்லின் முகட்டையும் வேறொன்றின் வேரையும் ஒட்டி முழுப்பல்லாக்கி விற்பது அந்த வியாபாரத்தில் பெருவழக்கு. பொருள் உண்மையானது, கூட்டு பொய்யானது. சிறுமிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இரண்டு சுறாவின் துண்டுகள் தன்னிடம் இருப்பதாகவே மகிழ்ந்தாள்.

அவள் தந்தை வைத்திருக்கும் சேகரம் வேறு வகையானது. அதில் ஒரு பல்கூட இல்லை. விடுப்பில் ஊருக்குப் போகும்போதெல்லாம் காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்களில் நடந்து, கண்ணில் பட்ட பற்களைக் கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, எந்த ஓடை, எந்தக் கரை, எந்நிறக் களி, எந்த மாதம் என்று பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். “சின்ன வயசுல இதைக் குடுத்து கோலிக்குண்டு வாங்கிக்குவோம் அண்ணே. இது பல்லுன்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல” என்றார். படம் ஒவ்வொன்றிலும் பல்லுக்கு அருகில் ஒரு நீலப் பேனா கிடந்தது. கேட்டதற்கு, “அளவு தெரியணும்ல. இல்லாட்டி எது பெருசு எது சிறுசுன்னு பாக்கறவங்க என்ன கண்டாங்க?” என்றார். கல்லூரியில் புவியியல் படித்தவரல்லர் அவர். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். ஆனால் ஸ்டெனோவின் வழியில் நிற்பவர் என்று தயங்காமற் சொல்வேன்.

காரையின் பள்ளங்களை நேரிற் காண்பவர்க்கு அது தமிழ்நாடுதானா என்ற மலைப்பு உண்டாகும். மரம் செடியற்ற செந்நிறக் களிமண், மழையால் ஆயிரம் கிளையாக அரிக்கப்பட்டு, முகடும் மடுவுமாக நெடுந்தூரம் கிடக்கிறது. நடுவே ஜிப்சத் தகடுகள் வெயிலில் மின்னுகின்றன. பாஸ்பேட் உருண்டைகளும், பெலம்னைட் என்னும் கணவாய் வகைப் பிராணியின் அம்பு முனை போன்ற உள்ளோடுகளும் காலில் இடறுகின்றன. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியா தனித்து விலகிய காலத்தில் கிழக்கோரம் தாழ்ந்து காவிரிப் படுகை உருவாக, கிரிட்டேசியம் என்னும் புவியியல் காலத்தின் கடல் உள்ளே புகுந்து நின்றது. அந்தக் கடலின் வண்டலை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பகுத்தவர், 1857 முதல் 1860 வரை இந்நிலத்தை அளந்து ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. கிளிஞ்சல் நிறைந்த கருடமங்கலத்துச் சுண்ணாம்புக்கல், திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரோடு, மெருகேற்றப்பட்டு அலங்காரப் பொருளாயிற்று. 

இந்தப் பகுதியின் சுறாப்பற்கள் விஞ்ஞான உலகத்திற்கு அறிமுகமானது பிளான்ஃபோர்டுக்கும் முன்பே. சென்னை மாகாண சிவில் சேவையில் இருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர், புதுச்சேரிக்கு அருகில் உள்ள சுண்ணாம்புப் படுகைகளில் அகழ்ந்து அனுப்பிய மீன் எச்சங்களை, சர் பிலிப் எகர்ட்டன் 1845-இல் லண்டனில் விவரித்தார். அவற்றுள் சுறாவின் பற்களே முதன்மையானவை. அதன்பின் ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்கா கல்கத்தாவில் அமர்ந்து தென்னிந்தியக் கிரிட்டேசிய உயிரினங்களைப் பற்றி எழுதிய பெருந்தொகுதிகள் இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு ஆதார நூல்கள். நம் காலத்தில், அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத், ஓம்கார் வர்மா, ஃபிளின் ஆகியோர் காரைப் படிவிலிருந்து கிடைத்த கடல் முதுகெலும்பிகளைப் பற்றி 2011-இல் வெளியிட்ட கட்டுரை, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நீந்திய சுறாக்களை ஓர் அவையாக நம்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அவற்றுள் ஓரினத்துக்குத் தென்னிந்தியாவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது: டுவார்டியஸ் சுடிண்டிகஸ்.

அந்த விஞ்ஞானிகள் இதைச் சாதிக்க முடிந்தது, ஒவ்வொரு பல்லும் எந்த மட்டத்திலிருந்து வந்தது என்பதை அறிந்திருந்ததால். மட்டம் தெரியாத பல் எத்துணைப் பெரிய அறிஞரையும் தடுமாறச் செய்யும் என்பதற்கு உலகறிந்த சாட்சியம் ஒன்று உண்டு. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பல், பசிபிக் சமுத்திரத்தின் ஆழத்திலிருந்து, மாங்கனீசு மேலே படர்ந்த மெகலடான் பற்களை வாரி எடுத்தது. மெகலடான் என்பது 15 மீட்டருக்கும் மேல் நீண்டிருந்ததாகக் கருதப்படும் பெருஞ்சுறா. அதன் பல் 18 சென்டிமீட்டர் வரை வளர்ந்தது. அது ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று என்பது அண்மைக்கால முடிவு. ஆனால் 1959-இல் ஒருவர் சேலஞ்சர் பற்களின் மேல் படர்ந்த மாங்கனீசின் கனத்தை அளந்து, மாங்கனீசு இன்ன வேகத்தில் படரும் என்று கணக்கிட்டு, அவற்றுள் ஒன்று 11,000 ஆண்டுதான் பழையது என்று எழுதிவிட்டார். மாங்கனீசு எங்கும் ஒரே வேகத்தில் படர்வதில்லை என்பதைக் காட்டிப் பிற்பாடு அறிஞர்கள் அதைத் தள்ளினர். எனினும் மெகலடான் இன்னும் ஆழ்கடலில் உயிரோடு திரிகிறது என்ற கட்டுக்கதைக்கு அந்தக் கணக்கு ஊட்டிய தெம்பு இன்றளவும் குறையவில்லை. பல்லைச் சுற்றிப் பாறை அடுக்கு ஒன்று இருந்திருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

ஆழ்கடற் பற்கள் என்றதும், நமக்கு அண்டையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூரின் ஆளுகையில் இருந்து, 1955-இல் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்ட கோக்கோஸ் தீவுகளின் கடலில், 2022-இல் இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் கப்பல் 5,400 மீட்டர் ஆழத்தில் வலையை இழுத்தபோது, 750-க்கும் மேற்பட்ட கல்லான சுறாப்பற்கள் ஒரே இழுப்பில் மேலே வந்தன. மெகலடானின் முன்னோரொன்றின் பல்லும் அவற்றில் இருந்தது. ஆழ்கடலின் நடுவே, கரையிலிருந்து மண் வந்து சேராத இடங்களில், சேறு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே படிகிறது. அதனால் பல லட்சம் ஆண்டுகளாக மேலிருந்து விழுந்த பற்கள் புதையாமல் ஒரே தளத்தில் குவிந்து கிடக்கின்றன. அப்பற்கள் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தாரின் ஆராய்ச்சிக்குச் சென்றன. எடுத்த இடமும் ஆழமும் அவற்றோடு பதிவாகியுள்ளன.

அரியலூர் மண்ணுக்கு அத்தகைய காவல் போதவில்லை என்பதே என் துயரம். நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்தோடு வேலியிட்டுக் காக்கப்படுகிறது. அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. எனினும் கல்லமேட்டில் 1980-களில் யாதகிரியும் ஐயாசாமியும் விவரித்த பேருருவ விலங்கின் எலும்புகள், பருவமழையிலும் ஈரத்திலும் பொடிந்துபோக, இன்று படங்களும் விவரிப்பும் மட்டுமே மிஞ்சியுள்ளன. சிமெண்ட் ஆலைகளுக்காக அரியலூரைச் சுற்றி வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லே அந்தப் பழைய கடலின் உடல்; அதில் கிடக்கும் கிளிஞ்சலும் பல்லும் கல்லோடு அரைபட்டு உலைக்குப் போகின்றன. ஆலை இல்லாவிடில் அவ்வூர்களில் பலர்க்குப் பிழைப்பில்லை என்பதையும், சுரங்கம் வெட்டாவிடில் பல படிவங்கள் வெளிப்பட்டே இரா என்பதையும் நான் அறிவேன். ஆகவே சுரங்கத்தை மூடச் சொல்வது நியாயமாகாது. புதிதாக வெட்டிய முகத்தை அரைக்கும் முன், படிவம் அறிந்த ஒருவர் ஒரு வேளை நடந்து பார்த்துக் குறிப்பெடுக்க ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது மிகையன்று. புவி மரபுத் தலங்களைக் காக்க இந்தியச் சுரங்க அமைச்சகம் 2022-இல் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது; அதில் மாநில அரசுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் உரிய பங்கு வேண்டும் என்ற விவாதம் எழுந்தது இயல்பே. காரைப் பள்ளங்களை நன்றாக அறிந்தவர்கள் அங்கே ஆடு மேய்ப்பவர்களல்லவா?

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு நம் ஊர்ப் பல் மலிவாகக் கிடைக்கும் நாள் வருமோ என்று அஞ்சுகிறேன். அவர்கள்மேல் எனக்குப் பகையில்லை. ஒரு பல்லைக் கையில் ஏந்தி அதன் விளிம்பிலுள்ள ரம்பப் பற்களை விரல் நுனியால் தடவி, இது உயிருள்ள ஒன்றைக் கடித்தது என்று உணரும் கணத்தின் சிலிர்ப்பு எவரையும் ஆட்கொள்ளும். ஸ்குவாலிகோராக்ஸ் என்ற கிரிட்டேசியச் சுறாவின் பல்லில் அந்த ரம்பவிளிம்பு அத்தனை ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்தச் சிலிர்ப்புக்கு அப்பால் அறிவுக்குரிய பயன் ஒன்றும் உண்டு. டைக்கோடஸ் என்னும் சுறாவையே எடுத்துக்கொள்வோம். கிழிப்பதற்கல்ல, ஓடுகளை நொறுக்குவதற்கென்றே அமைந்த தட்டையான, வரி ஓடிய அதன் பற்களை 1830-களில் அகாசி பெயரிட்டு விவரித்தார். காரைப் படிவில் அவ்வினத்தின் ஒரு வகையான டெக்கரன்ஸ் கிடைத்ததை ஓம்கார் வர்மாவும் உடனாய்வாளரும் 2012-இல் வெளியிட்டனர். அண்மைக்காலம் வரை, உலகெங்கும் டைக்கோடஸின் பற்களும் சிற்சில துண்டுகளுமே அகப்பட்டிருந்தமையால், அது திருக்கை போல அடிநிலத்தில் கிடந்ததா, நீந்தித் திரிந்ததா என்பது தீராத வாதமாக இருந்தது. 2024-இல் மெக்சிகோவின் வயெசியோ சுண்ணாம்புப் பாறையில், உடல் விளிம்பும் துடுப்புகளும் பதிந்த முழுப் படிவங்கள் விவரிக்கப்பட்டன. வெள்ளைச் சுறாவின் உறவினமான, விரைந்து நீந்தும் உருவம் என்று தெளிந்தது. அந்த ஒரு முடிவால், காரையில் கிடந்த சிறு பற்களின் பொருளும் ஒரே நாளில் மாறிவிட்டது: அங்கே ஓடுடைய பிராணிகளை நொறுக்கித் தின்றது, அடியில் ஒதுங்கிக் கிடந்த மந்தமான மீன் அன்று, திறந்த நீரில் வேகமாகச் சென்ற வேட்டைச் சுறா.

பெரம்பலூர் நண்பரின் குறிப்பேட்டில், வரியோடிய தட்டைப் பல் ஒன்றின் படமும் இருக்கிறது. டைக்கோடஸாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. உறுதி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஓடையின் கிழக்குக் கரையில், சாம்பல் நிறக் களிக்கும் சிவந்த களிக்கும் இடையே, பாஸ்பேட் உருண்டைகளோடு கிடந்தது என்று எழுதியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கரையை மேலும் அரித்திருக்கும் என்பதால், பொங்கல் விடுப்புக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். அந்த இடத்தை மறுபடியும் பார்த்துவிட்டு, படங்களையும் குறிப்பேட்டின் நகலையும் வாரணவாசி அருங்காட்சியகத்தில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மகளும் உடன் போகிறாள். நீலப் பேனாவை வைக்கும் வேலை இம்முறை அவளுடையது.